கொத்தனாரும் ஒரு விருதுப் படிவமும்

நீதித்துறையைச் சீர்படுத்தியவர்களுக்கு விருது என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வி.ஆர். கிருஷ்ணய்யர். 1999இல் பத்ம விபூஷண் வாங்கியவர். அவர் தீர்ப்புகளில் எனக்கு ரொம்ப நெருக்கமானது 1978இல் வந்த மோதிராம் வழக்கு.

மோதிராம் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கூடப்பிறந்தவர் கையெழுத்துப் போட முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார்கள். விஷயம் மறுபடி டெல்லிக்குப் போனது. 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் ஆளை விடுங்கள் என்றார் கிருஷ்ணய்யர். ஒரு தமிழரோ மலையாளியோ சாந்தினி சௌக்கில் கைதானால் என்னதான் செய்வார் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார்.

அடுத்த வருஷம், 1979இல், பீகார் சிறைகளில் வருஷக்கணக்கில் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பற்றி நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு வழக்குப் போட்டார் வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி. அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று அதில்தான் கோர்ட் சொன்னது. 2013இல் கபிலா இறந்தார். உச்ச நீதிமன்ற நூலகத்தில் அவர் படம் ஏறியது 2017இல்.

இதையெல்லாம் கல்லூரியில் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் எங்கள் ஊர் கோர்ட்டுக்கு ஜூனியராக வந்தேன். வந்து பார்த்தால் மோதிராம் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பெயர்தான் வேறு. ஜாமீன் கிடைத்து ஒன்றரை மாதமாகியும் கிளைச் சிறையை விட்டு வெளியே வராத பையன் ஒருவன். பெயிண்டர். ‘ரத்த சம்பந்த ஷ்யூரிட்டி’ கேட்டிருந்தார்கள். அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டு வரி ரசீது உள்ள சொந்தக்காரர்கள் யாரும் போனை எடுக்கவில்லை.

அவனை வெளியே கொண்டுவந்தவர் வழக்கறிஞர் இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர். பத்தாவது வரை படித்தவர். கோர்ட்டில் எல்லோருக்கும் அவர் அக்காதான். வாரம் ஒருநாள் சிறைக்குப் போவார். ‘பெயில் ஆர்டர் வந்தும் உள்ள இருக்கிறவங்க யாரு?’ என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு பஸ் பிடித்து அவர்கள் ஊருக்குப் போய் பெரியப்பாவையோ மாமனையோ பேசிக் கூட்டிவருவார். யாரும் இல்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடச் சொல்லி எங்களைப் போன்ற ஜூனியர்களைப் பிடித்து உலுக்குவார்.

போன வருஷம் உள்ளூரில் ஒரு விருதுக்குப் பரிந்துரை கேட்டிருந்தார்கள். படிவத்தை நான் நிரப்பினேன். வகித்த பதவிகள், முக்கியத் தீர்ப்புகள், எழுதிய நூல்கள் என்று கட்டங்கள். அக்காவுக்கு எந்தக் கட்டத்திலும் எழுத ஒன்றுமில்லை. அவரிடமே கேட்டேன்.

“என் பேரெல்லாம் வேணாம் தம்பி. பஸ் பில்லு கொடுத்து மூணு மாசமாச்சு, அது என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லு, போதும்.”

பெரிய தீர்ப்புகளுக்குக் கிடைக்கும் மரியாதை மேல் எனக்குப் பொறாமையில்லை. மோதிராம் தீர்ப்பு இல்லாவிட்டால் அந்தப் பெயிண்டர் பையனுக்கான மனுவில் நாங்கள் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதும் விடுதலை தாமதமாக ஒரு காரணம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே போகாதவர்கள் பற்றி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து அதே விஷயம். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு டெல்லியில் எழுதப்பட்டுவிடுகிறது. அதைச் சிறை வாசல்வரை எடுத்துப் போக ஆள் வேண்டியிருக்கிறது.

விருது என்பது வாங்குகிறவருக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. எதைச் செய்தால் மதிப்பு என்று என்னைப் போல் புதிதாக வருகிறவனுக்கும் அது சொல்லிக்கொடுக்கிறது. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் ஹைகோர்ட் போய்விட்டார்கள். “இங்க ஷ்யூரிட்டி பேப்பர் தூக்கிட்டு என்னடா பண்ற?” என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஷ்யூரிட்டி பேப்பர் தூக்கியவரை எந்த மேடையிலும் அவர்கள் பார்த்ததில்லை.

அக்காவைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆனது. ‘முக்கியத் தீர்ப்புகள்’ கட்டத்தை அடித்துவிட்டு, அவர் நோட்டிலிருந்த கணக்கை எழுதினேன்: இரண்டு வருஷத்தில் வீட்டுக்குப் போனவர்கள், 31 பேர். பஸ் பில் பற்றியும் விசாரித்தேன். அடுத்த மாதம் வருமாம்.