எந்த முகாம்?

2024 டிசம்பர் 6, வெள்ளி. காஞ்சனபுரி

பாங்காக்கில் வேன் கிளம்பியதுமே வழிகாட்டி முன் இருக்கையிலிருந்து திரும்பி, "உங்கள் தந்தை எந்த முகாமில் இருந்தார்?" என்று கேட்டார். தாய்லாந்துப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"எந்த முகாம்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? தோட்டத்துக்கு லாரி வந்துச்சு, ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மா சொன்னது அவ்வளவுதான்மா."

மாமாவுக்கு 81 வயது. மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் 1943-இல் பிறந்தவர். அவர் பிறப்பதற்குள் தாத்தா, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்விட்டார். என் அம்மாவுக்கு அப்போது மூன்று வயது. தாத்தா திரும்பவே இல்லை. பெரிய சுற்றுலாக் கூட்டத்தோடு போனால் மாமாவால் ஈடுகொடுக்க முடியாது என்பதால், எங்கள் இருவருக்கு மட்டும் மூன்று நாளைக்கு ஒரு வேனும் ஒரு வழிகாட்டியும் ஏற்பாடு செய்திருந்தேன்.

அந்தக் கேள்விக்கான காரணம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் புரிந்தது. அதே பாதையில் ஜப்பானியர் வேலை வாங்கிய போர்க்கைதிகளின் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் குடும்பங்கள் பெயரைச் சொன்னால் போதும். முகாம், இறந்த நாள், கல்லறை வரிசை எல்லாம் கிடைத்துவிடும். போர்க்கைதிகள் ஒவ்வொரு சாவையும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த சூட்டோடு, ஒரு குழு தண்டவாளத்தை ஒட்டியே போய் 10,000-க்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. பிறகு மூன்று கல்லறைத் தோட்டங்களில் அவர்களைச் சேர்த்தார்கள். இங்கே 5,084 காமன்வெல்த் வீரர்கள், 1,896 டச்சுக்காரர்கள். புல்லைச் சீராக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு. 22, 24, 27 என்று வயதுகளை மாமா வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தார். "எல்லாம் சின்னப் பசங்க" என்றார். அவர் குரலில் பொறாமை இல்லை. எனக்குள் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

மாலையில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத தாவோர்ன் வராராம் புத்தர் கோவிலுக்கு வழிகாட்டியே அழைத்துப் போனார். ரயில் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை இங்கே ஒரு தூபியின் கீழ் வைத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. அண்மை ஆண்டுகளில் தமிழர்கள் எழுப்பிய நடுகல் ஒன்றும் இங்கே உண்டு. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார்.

டிசம்பர் 7, சனி

காலையில் பாலம். வளைந்த இரும்புக் கமான்கள் ஜாவாவிலிருந்து ஜப்பானியர் கழற்றிக் கொண்டுவந்தவை. கோண வடிவிலான இரண்டு மட்டும், குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. குவாய் என்ற பெயரே இந்த இடத்து ஆற்றுக்கு அப்போது கிடையாதாம். இது மே குளோங். 1957-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் குவாய் நதிப் பாலம் எங்கே என்று தேடி வரத் தொடங்கியதும் ஆற்றின் பெயரை மாற்றிவிட்டார்கள். படம் எடுத்ததோ இலங்கையின் கித்துல்கலையில். பாலத்தில் கூட்டம் தாங்கவில்லை, சீக்கிரம் கிளம்பினோம்.

ரயிலில் தாம் கிராசே வரை போனோம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் குவாய் நொய் ஆறு, நடுவே மரச்சட்டங்களின் மேல் தண்டவாளம். ரயில் ஊர்ந்துதான் போகிறது. மாமா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்த மரங்களையே பார்த்து வந்தார்.

பிற்பகலில் ஹெல்ஃபயர் கணவாய். ஒருவன் துளைக்கம்பியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, துளையில் வெடிமருந்து இட்டு மலையைப் பிளந்திருக்கிறார்கள். உடைந்த கம்பி ஒன்று இன்னும் பாறையில் செருகியபடி இருக்கிறது. பர்மாவுக்குப் போகும் கடல்வழி நீர்மூழ்கிகளால் ஆபத்தாகிவிட்டதால் ஜப்பானியருக்குத் தரைவழி வேண்டியிருந்தது. 415 கிலோமீட்டர் பாதையை ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்திலேயே முடித்தார்கள். 1943 மழைக்காலத்தில் இரவும் பகலும் வேலை; மூங்கில் தீ வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்கள் அசைந்ததைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் ஹெல்ஃபயர்.

"நம்ம ஆளுங்க ஏன் வெள்ளைக்காரக் கைதிங்களைவிட அதிகமாச் செத்தாங்க? கேளும்மா."

கேட்டேன். வழிகாட்டி படியில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். போர்க்கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். காய்ச்சிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும், மலக்குழியைத் தள்ளித் தோண்ட வேண்டும் என்று கண்டிப்பு இருந்தது. தொழிலாளர் முகாம்களில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மே, ஜூனில் காலரா நுழைந்ததும் ஆற்றுத் தண்ணீரே எமனாயிற்று. போர்க்கைதி மருத்துவர்களில் சிலரைக் 'கே', 'எல்' என்ற இரண்டு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்குப் பிறகு அனுப்பியிருக்கிறார்கள். அத்தனை பெரிய கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? போர்க்கைதிகளில் சுமார் 13,000 பேர் மாண்டார்கள். தொழிலாளர்களில் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு. அந்த இடைவெளியில் 20,000 மனிதர்கள் இருக்கிறார்கள். என் தாத்தா இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாத கணக்கு அது.

ராத்திரி மாமா சாப்பிடவில்லை. "தண்ணி காய்ச்சிக் குடினு சொல்லக்கூட ஆள் இல்லாமப் போச்சே" என்று இரண்டு முறை சொன்னார்.

டிசம்பர் 8, ஞாயிறு. சங்க்லபுரி

மூன்று பகோடா கணவாயில் வெள்ளைப் பூச்சுப் பூசிய மூன்று சின்னத் தூபிகள், கடைகள், பர்மா எல்லை. அதிகம் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் கவ் லேம் நீர்த்தேக்கத்தின் ஓரம் வேனை நிறுத்தினார் வழிகாட்டி. இரு முனைகளிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17-இல் சேர்ந்த கொங்கோயித்தா இந்தப் பக்கம்தான். நீகே முகாமும் இங்கேதான், காலரா மிகக் கொடுமையாக அடித்த இடங்களில் ஒன்று. 1984-இல் அணை வந்ததும் பாதை நீருக்குள் போய்விட்டது.

மாமா பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. வழிகாட்டி எங்களோடு குந்தி உட்கார்ந்து கையால் மறைத்துக்கொண்டார். மூன்றாவது முறை பற்றியது.

தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்கச் சொன்னார் மாமா. இப்போது நிறைய இருக்கும், கோடையில் நன்றாக இறங்கிவிடும், ஏப்ரலில் வந்தால் முழுகிய பழைய கோவிலுக்கே நடந்து போகலாம் என்றார் வழிகாட்டி.

"ஏப்ரல்லயா?" என்று கேட்டுவிட்டு, விரல்களில் மாதத்தை எண்ணத் தொடங்கினார் மாமா.