எட்டுக் கண்ணுடைய விருந்தாளி

நாய் வளர்ப்பவனை ஊரார் புரிந்துகொள்வர். பூனை வளர்ப்பவனைப் பொறுத்துக்கொள்வர். சிலந்தி வளர்ப்பவனையோ ஐயத்தோடு நோக்குவர். அவ்வையத்துக்கு இலக்காகிய ஒருவனின் அனுபவமே இக்கட்டுரை. விலங்கியல் கற்ற தகைமை எனக்கில்லை. ஒரு சிற்றுயிரை வளர்க்கப் புகுந்து, அதிற் பெருந்தவறிழைத்து, அத்தவற்றினாற் சிறிது கற்றவன் என்ற உரிமை ஒன்றே எழுதத் துணிவு தந்தது.

2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது நான் பேராதனையிலிருந்து பன்விலவுக்குத் திரும்பினேன். கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மேலேறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த சிற்றூர் அது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுள் ஒன்றின் லயத்தில் எங்கள் வீடு. ஊரடங்கிலும் தோட்டத்து வேலை நிற்கவில்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போனபின், வீட்டில் நானும் அம்மாயியுமே எஞ்சுவோம். பேசவேண்டியன யாவும் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன.

அத்தகைய ஒரு முற்பகலில், யன்னற் சட்டத்தின்மீது பயற்றங்காய் விதையளவேயான ஒரு சிலந்தியைக் கண்டேன். விரலை அருகே கொண்டு சென்றேன். அது ஓடவில்லை, உடலைத் திருப்பி என்னை நோக்கியது. விரலை இடப்புறம் நகர்த்தினேன். அதுவும் இடப்புறம் திரும்பியது. பூச்சியினம் என நாம் ஒதுக்கும் ஒன்று நம்மைப் பார்க்கிறது என்ற உணர்வு விந்தையானது. நான் பார்ப்பவன், அது பார்க்கப்படுவது என்ற ஒழுங்கு அக்கணத்திற் குலைந்துவிட்டது.

அது தாவும் சிலந்தி. சிலந்திக் குடும்பங்களுள் மிகப் பெரியது இதுவே. உலகில் 6,000க்கு மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். இவை வலை விரித்து இரைக்காகக் காத்திருப்பனவல்ல. பூனைபோற் பதுங்கிச் சென்று பாய்ந்து பிடிப்பன. பாயுமுன் நிற்குமிடத்தில் ஒரு நூலை ஒட்டிவிடும். தவறி வீழினும் அந்நூல் தாங்கிக்கொள்ளும். எட்டுக் கண்களுள் முன்னுள்ள பெரிய இரண்டும் தொலைநோக்கிக் குழாய் போன்றவை. வெளிவில்லை அசையாது; உள்ளே விழித்திரை தாங்கிய குழாயே அசைந்து, எதிரே உள்ளதைத் துழாவிப் பார்க்கும் என்பதை மைக்கேல் லாண்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் 1969இல் விளக்கினார். ஏனைய ஆறு கண்களும் சுற்றிலும் நிகழும் அசைவை உணர்த்துவன.

எங்கள் வீட்டுக்கு வந்தது, வெப்ப நாடுகளின் வீட்டுச் சுவர்களிற் பரவலாகக் காணப்படும் பிளெக்சிப்பஸ் பேக்குல்லி என்ற இனத்தின் இளம் சிலந்தி எனப் பின்னர் அறிந்தேன். ஒரு ஜாம் போத்தலைக் கழுவி, உள்ளே காய்ந்த குச்சியொன்றை நிறுத்தி, வாயை மெல்லிய துணியாற் கட்டி அதனைக் குடியேற்றினேன். அம்மாயி வெகுண்டார்.

“ஏன் ராசா, எட்டுக்காலுப் பூச்சியப் போயி வளக்குற? அது மூத்திரம் பட்டா மேலெல்லாம் பொத்துப் போயிருமே!”

இந்நம்பிக்கை நம்மிடையே பரவலானது. ஆயின், அவ்வாறு கொப்புளமாகும் புண்கள் பலவற்றுக்குக் காரணம், இரவில் விளக்கை நாடிவரும் பெடரஸ் என்னும் சிறு வண்டின் நச்சுநீரே. அதனை நசுக்கித் தேய்ப்பவர்கள் நாம்; பழி சுமப்பது சிலந்தி. இதை விளக்கினேன், அம்மாயி ஏற்றாரில்லை.

வளர்ப்பு முறை எளிதென்றே தோன்றிற்று. பழுத்த வாழைப்பழத்தில் மொய்க்கும் சிற்றீக்களே உணவு. வாரத்துக்கு இருமுறை போதும். இரை சிலந்தியின் உடலினும் பெரிதாக இருத்தலாகாது. நீர் இன்றியமையாதது. சிலந்தி தன் கால்களை நீட்டுவது உடற்றிரவத்தின் அழுத்தத்தாலாதலின், நீர் வற்றின் கால்கள் உட்புறமாகச் சுருண்டுவிடும். ஆகவே காலையிற் போத்தற் சுவரில் ஒரு துளி தெளிப்பேன். நேர்வெயிலில் வைத்தாற் கண்ணாடி அடுப்பாகிவிடும். மூடுபனிக் காலத்திற் காற்றோட்டம் குறைந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். நுளம்புச் சுருளை அக்காம்பராவிற் கொளுத்துவதை நிறுத்தினோம். இரண்டு சிலந்திகளை ஒன்றாக விடுதல் கூடாது. ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

ஏழாம் வாரத்தில் அது உண்ண மறுத்தது. போத்தலின் மேற்புறத்தில், துணியை ஒட்டி, வெண்பட்டுப் பை ஒன்றை நெய்து அதனுட் புகுந்துகொண்டது. ஒரு நாள், இரு நாள், நான்கு நாள், அசைவில்லை. நோயுற்றதோ, பட்டினியால் மடிகிறதோ என அஞ்சினேன். ஐந்தாம் நாள் துணியை அவிழ்த்தேன். பை கிழிந்தது. உள்ளே அது தோலுரித்துக்கொண்டிருந்தது. பழைய தோலிலிருந்து பாதிக் கால்களே வெளிவந்திருந்தன; புதியவை மெழுகுபோல் மென்மையாக இருந்தன. அவை வளைந்தவாறே இறுகிவிட்டன. அதன்பின் அதனாற் பாய இயலவில்லை. ஈயை அருகே கொண்டு சென்றால், திரும்பிப் பார்க்கும், அவ்வளவே. மூன்றாம் நாள் இறந்தது.

அம்மாயி போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை.

“புள்ள பெத்தவ படுத்துக் கெடக்குற காம்பராவ யாராச்சும் தெறந்து பாப்பாங்களா, ராசா?” என்று மட்டும் கேட்டார்.

நூல்கள் கூறும் விதியும் அதுவே: பை கட்டிய சிலந்தியைத் தொடாதே, இரை எதையும் உள்ளே விட்டுவைக்காதே, பொறுத்திரு. போத்தலைத் தலைகீழாக வைத்து, கீழ்ப்புறமாகத் திறக்கும்படி அமைத்திருந்தால், மேலே கட்டிய பை கிழிந்திராது. அன்பினாற் செய்தேன் என்று நான் சொல்லிக்கொண்டது முழு உண்மையன்று. என் அச்சத்தை ஆற்றவே அவிழ்த்தேன்.

இன்று உலகெங்கும் சிலந்தி வளர்ப்பு ஒரு வணிகமாகவும் வளர்ந்துள்ளது. இலங்கைக்கும் இந்தியாவுக்குமே உரிய பொயிசிலோதீரியா என்னும் பெருஞ்சிலந்திகள் அவற்றின் அழகு காரணமாகவே விலைப்பொருளாயின; 2019இல் அவற்றைச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையிற் சேர்க்கவேண்டியதாயிற்று. மறுபுறம், கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் தேசிய நிறுவகத்தின் ஆய்வாளர்கள், இத்தீவின் தாவும் சிலந்திகளுள் அறிவியலுக்குப் புதிய இனங்களை விபரித்துள்ளனர். நம் யன்னலிற் குந்தியிருப்பவற்றையே நாம் இன்னும் முற்றாக அறிந்தோமில்லை. 2022இல் ஜேர்மனியில் வெளிப்பட்ட ஆய்வொன்று, இளம் தாவும் சிலந்திகள் நூலில் தொங்கி உறங்குகையில் அவற்றின் விழித்திரைக் குழாய்கள் அசைவதைக் கண்டது. கனவு காணும் மனிதரின் விழியசைவை அது ஒத்திருந்தது. அதனைப் படித்த இரவு, என் போத்தலும் கிழிந்த பையும் மீண்டும் நினைவில் எழுந்தன.

திருவானைக்காவிற் சிவலிங்கத்துக்குப் பந்தரிட்ட சிலந்தி கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்த கதையை அம்மாயி எனக்குச் சிறுவயதிற் சொன்னதுண்டு. அதைச் சொன்னவரே வெள்ளிதோறும் விளக்குமாற்றால் ஒட்டடை அடிப்பவர். இதனை முரணாக அவரோ நானோ எண்ணியதில்லை.

அவ்வாண்டு நவம்பரில், யன்னற் சட்டத்தின் மேல்மூலையில் வேறொரு சிலந்தி பை கட்டியது. முட்டையிட்டுக் காவலிருந்த தாய் அது. நான் போத்தலைத் தேடவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாயி விளக்குமாற்றுடன் வந்தார். காம்பரா முழுவதையும் அடித்தார். அம்மூலைக்கு வந்ததும் கையைத் தாழ்த்தி, “அது கெடக்கட்டும்” என்று சொல்லி அப்பாற் சென்றார்.