ஊமைக் கிதாரும் ஒரு துளி ஈயமும்

'பற்றாசு' என்றொரு சொல் நம் தமிழில் உண்டு. பொற்கொல்லர் இரண்டு பொன் துண்டுகளை ஒன்றாக்க இடையில் உருக்கி வைக்கும் பொருளுக்கு அந்தப் பெயர். யாப்பிலக்கணம் படித்த நண்பர்களுக்கு இது புதிதன்று. முதற் குறளையும் தனிச்சொல்லையும் ஓசை குன்றாமல் பொருத்த ஓரிரு அசைகளை இடையே இட்டால், அது ஆசிடை நேரிசை வெண்பா ஆகிறது. உலோகத்தைப் பற்றாசு இட்டு இணைப்பது போன்றது இது என்று உரையாசிரியர் விளக்குவர். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வெண்பாவோடு சால்டரிங் அயர்னின் நுனியில் மின்னும் ஈயத் துளியும் நினைவுக்கு வரும். அந்தத் துளி பேசவைத்த கிதார் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

என் தாய்மாமன் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பவர். பங்குனி முதல் ஆடி வரை நடக்கும் கோயில் கொடைகளே அவருக்கு அறுவடைக் காலம். சென்ற ஆண்டு பங்குனியில், ஒரு கச்சேரியின் நடுவிலேயே அவருடைய கிதார் அடங்கிவிட்டது. அதில் இரண்டு 'பிக்கப்'கள் உண்டு. கழுத்துப் பக்கம் இருந்தது பல ஆண்டுகளாகவே ஊமை. இப்போது பாலத்தை ஒட்டி இருந்ததும் ஊமையாகிவிட்டது. அடுத்த கொடைக்கு நான்கே நாள்கள் இருந்தன. முன்பணமோ வீட்டு வாடகைக்குப் போய்விட்டது. கடையொன்றில் காட்டியதற்கு, இது பழுது பார்க்கும் சாமான் இல்லை, வேறு கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். கிதாரை விற்றுவிட்டுத் துணிக்கடையில் காவல் வேலைக்குப் போகலாம் என்று மாமா அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மறுநாள் காலை அவரே என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நீ பிசிக்ஸ்தான படிக்கே? இதுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாத்துச் சொல்லேன்" என்றார்.

உள்ளே இருப்பது நாம் எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதிதான். கம்பிச் சுருளின் ஊடே காந்தப் பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831இல் ஃபாரடே கண்டார். பிக்கப்பில் ஆறு சிறு காந்தங்கள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது. காந்தத்துக்கு மேலே உள்ள எஃகுத் தந்தியும் காந்தத் தன்மை பெறுகிறது. அது அதிரும்போது பாயம் மாறுகிறது, சுருளில் மின்னலை பிறக்கிறது. ஆம்ப்ளிபையர் அதைப் பெருக்கி ஒலியாக்குகிறது. நைலான் தந்தி கட்டினால் இந்தக் கருவி பேசாது. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் 1931இல் உருவாக்கிய கிதார் இவ்வகையில் முன்னோடி. அதன் வடிவத்தைப் பார்த்து மக்கள் அதற்கு 'வறுசட்டி' என்று பெயரிட்டார்கள். நம் மண்ணில் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) மின் மாண்டலினில் கருநாடக இசையின் கமகங்களைப் பிடித்துக் காட்டினார்.

பழுது பார்ப்பதில் முதற்பாடம், குற்றவாளியைத் தேடுமுன் நிரபராதிகளை விடுவிப்பது. கேபிளை மாற்றிப் பார்த்தேன். செருகும் துளையையும் ஒலியளவுத் திருகையும் தேர்வு விசையையும் சோதித்தேன். அவற்றில் குறையில்லை. பிறகு பிக்கப்பின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரின் கம்பிகளை வைத்தேன். இத்தகைய ஒற்றைச் சுருள் பிக்கப்பில் சுமார் 6 கிலோ ஓம் மின்தடை காட்டவேண்டும். மீட்டரோ இடது ஓரத்தில் '1' என்று மட்டும் காட்டியது. அதற்குப் பொருள், கம்பி எங்கோ அறுந்திருக்கிறது என்பது.

எங்கே என்பதுதான் கேள்வி. அந்தக் கம்பியின் விட்டம் 0.06 மில்லிமீட்டர் அளவே, தலைமுடியை ஒத்தது. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தரை ஓம் தடை என்று கணக்கிட்டால், உள்ளே சுற்றியிருப்பது ஒரு கிலோமீட்டருக்கும் மேல்! நம் கல்லூரி வாயிலில் தொடங்கினால் பேருந்து நிலையத்தைத் தொட்டுவிடும். அத்தனையின் எடையும் முப்பது கிராம் அளவுதான். ஏறத்தாழ எட்டாயிரம் சுற்றுகளில் ஒரே ஓர் இடத்தில் அறுந்தாலும் கருவி ஊமைதான்.

சுருளுக்கு இரண்டு முனைகள். சுற்றத் தொடங்கிய உள்முனை அத்தனை சுற்றுகளுக்கும் அடியில் காந்தத்தை ஒட்டிக் கிடக்கிறது. சுற்றி முடித்த வெளிமுனை மேலாக வந்து ஓர் உலோகக் கண்ணில் இணைகிறது. வெளிமுனை அறுந்திருந்தால் பிழைக்கும். உள்முனை அறுந்திருந்தால் முழுவதையும் பிரித்துப் புதிதாகச் சுற்றவேண்டும். மேல் உறையை மெல்ல நீக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெளிமுனையின் கண்ணருகே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பாலத்தின் மேல் ஊன்றி வாசிக்கும் மாமாவின் வலக்கை வியர்வை ஆண்டுக்கணக்கில் இறங்கி, கம்பியை அரித்துவிட்டது. இத்தனை மேடைகளில் அவரைக் காப்பாற்றிய உழைப்பே கம்பியை அறுத்திருக்கிறது என்று எண்ணியபோது மனம் கனத்தது.

களிம்பேறிய பகுதியை விட்டு, இரண்டு சுற்றுகளைப் பிரித்தேன். பளபளக்கும் செம்பு தெரிந்தது. மெல்லிய உப்புத்தாளால் நுனியிலிருந்த எனாமல் பூச்சை அகற்றி மீட்டரை வைத்தேன். 5.9 என்று எண்கள் வந்து நின்றன. எஞ்சிய சுருள் முழுதும் உயிரோடு இருக்கிறது! மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் தெருவில் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் எனக்குப் பற்றவைக்கக் கற்றுத் தந்தவர். "ஈயத்தக் கொண்டுபோய் அயர்ன்ல வைக்காதே தம்பி. சூட்ட இடத்துக்குக் குடு, ஈயம் தானா வரும்" என்பார். அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். சூடு குறைந்தால் பற்று மங்கிச் சொரசொரவென்று நின்று, பின்னர் விட்டுப்போகும். சூடு நீண்டால் பிக்கப்பின் அடித்தட்டே கருகும். சன்னலைத் திறந்து வைத்து, கம்பியைக் கண்ணில் இரண்டு முறை சுற்றி, 25 வாட் அயர்னை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் ஈயம் பாய்ந்து பளிச்சென்று உறைந்தது.

பிக்கப்பைப் பொருத்தி, ஆம்ப்ளிபையரை இயக்கி, காந்தத்தின் தலையைத் திருப்புளியால் தட்டினேன். 'டொப்' என்று பெட்டி பேசியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கிதாரை வாங்கி, தந்திகளைச் சுருதி சேர்க்கத் தொடங்கிவிட்டார். நான்காம் நாள் கொடையில் மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். சீரியல் விளக்குகளின் 50 ஹெர்ட்ஸ் முனகல் இலேசாகக் கேட்டது. ஒற்றைச் சுருளின் இயல்பு அது. எதிரெதிராக இரண்டு சுருள்களை வைத்து அந்த முனகலைத் தள்ளுபடி செய்யும் பிக்கப்புக்கு சேத் லவர் என்பவர் 1959இல் காப்புரிமை பெற்றார். அன்றிரவு அந்த முனகலும் எனக்கு இனித்தது.

கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பையும் பிரித்துப் பார்த்தேன். அதில் வெளிமுனை நன்றாகவே இருக்கிறது, அறுந்தது உள்முனை. அங்கே ஒரு துளி ஈயத்துக்கு வேலையில்லை. எட்டாயிரம் சுற்றுகளையும் பொறுமையாகச் சுற்றத்தான் வேண்டும். பழைய தையல் இயந்திரச் சக்கரம் ஒன்றைக் கொண்டு அதற்கான சுற்றுக்கருவியைச் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த பங்குனிக்குள் முடிக்கவேண்டும் என்பது மாமாவின் கட்டளை.

நண்பர்களே! பழுதான பொருளைக் கண்டதும் 'போய்விட்டது' என்று சொல்வது எளிது. எங்கே போயிற்று என்று கேட்பதுதான் படித்தவர் வேலை. ஒரு கிலோமீட்டர் கம்பியில் அரை அங்குலம் அரித்ததற்காக ஒரு மனிதர் தம் தொழிலையே கைவிட இருந்தார். தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் ஒரு விதியும், கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஈயக்கம்பியும் அவரை மீண்டும் மேடையேற்றின. உங்கள் வீட்டிலும் பேசாத வானொலியோ ஓடாத விசிறியோ ஒரு மூலையில் கிடக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதைக் கழற்றிப் பாருங்கள். அறுந்தது வெளிமுனையாகவே இருக்கக்கூடும்.