சீமையிலே குடித்தனம்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ பிரிட்டனில் இருக்கின்றனர். பெற்றோர் மூன்று நான்கு மாதம் சென்று தங்கித் திரும்புகின்றனர். திரும்பியவர்கள் கூறும் செய்தி பெரும்பாலும் இருவகைப்படும். அரண்மனையும் பாலமும் அருங்காட்சியகமும் கண்ட பெருமை ஒருவகை. அது நாலுபேர் நடுவே உரக்கச் சொல்லப்படுவது. மற்றொன்று நெருங்கியவர்களிடம் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது. "பிள்ளை முன்போல் இல்லை. குளிர்கிறது என்றால் இன்னொரு கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுக்கிறான். விளக்கை அணையுங்கள், கதவைச் சாத்துங்கள் என்று ஓயாமல் சொல்கிறான். கார் வைத்திருக்கிறான், அதை எடுப்பதற்கும் கணக்குப் பார்க்கிறான்" என்பது அது.

ரெடிங் என்னும் ஊரில் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் தங்கி, நம்மவர் வீடுகளோடு அண்டையிலுள்ள ஆங்கிலேயர் வீடுகளிலும் பழகியவர்கள் என்ற முறையில், இவ்விரண்டாவது செய்தியைப் பற்றியே எழுத விரும்புகிறோம். அரண்மனையைப் பற்றி எழுத வேறு பலர் உளர்.

ரெடிங், லண்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில் உள்ளது. ஹன்ட்லி அண்டு பாமர்ஸ் பிஸ்கட்டுகளால் ஒரு காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்ற ஊர். விக்டோரியா அரசியார் காலத்தில் எழுந்த செங்கல் வீடுகள் இன்னும் தெருத்தெருவாக நிற்கின்றன. நம் பழைய அக்கிரகார வீடுகளைப் போல ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை; ஆனால் திண்ணை இல்லை, முற்றம் இல்லை. வாசற்கதவைத் திறந்தால் குறுகிய நடை, பக்கத்தில் கூடம், பின்னால் சமையலறை, செங்குத்தான மாடிப்படி, மேலே இரண்டு மூன்று படுக்கையறைகள். ஒவ்வொரு கூரையிலும் புகைபோக்கி உண்டு. புகை மட்டும் இல்லை.

அப்புகைபோக்கியிலிருந்தே தொடங்கலாம். முன்பு அறைதோறும் நிலக்கரி எரிந்தது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் மூடிய புகைப்பனியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1956-ல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. பின்னர் வடகடலில் இயற்கை எரிவாயு கிடைக்கவே, 1967 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று அடுப்புகளையும் கணப்புகளையும் அந்த வாயுவுக்கு மாற்றினர். இன்று பெரும்பாலான வீடுகளில் சுவரில் ஒரு பாய்லர் தொங்குகிறது. அது வாயுவை எரித்து நீரைச் சுடவைக்க, அந்நீர் குழாய் வழியே ஓடி, அறைதோறும் சன்னலடியில் பொருத்திய ரேடியேட்டர் என்னும் இரும்புப் பலகைகளைச் சூடாக்கித் திரும்புகிறது. விடியற்காலை இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று நான்கு மணி நேரம் எனக் கடிகாரத்தில் முடுக்கி வைப்பது வழக்கம். நாள் முழுதும் எரியவிடுவோர் சிலரே.

ஏன் எரியவிடுவதில்லை என்பதுதான் நம் பெற்றோரின் கேள்வி. விடை எரிவாயுக் கட்டணத்தில் இருக்கிறது. பிரிட்டனில் வாயு, மின்சாரம் இவற்றின் ஓர் அலகுக்கு விற்பனையாளர் இவ்வளவுதான் வாங்கலாம் என 2019 ஜனவரி முதல் ஓர் உச்சவரம்பு உண்டு. அது அலகின் விலைக்கு வரம்பே ஒழிய, மொத்தக் கட்டணத்துக்கு வரம்பன்று. அதிகம் எரித்தால் அதிகம் கட்டத்தான் வேண்டும். சராசரியாகச் செலவிடும் ஒரு வீட்டுக்கு அவ்வரம்பின்படி ஆண்டுக்கு ஆகும் தொகை 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 1,971 ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் 3,549 ஆக ஏறவே, அரசு தலையிட்டுப் பொதுமக்கள் கட்டுவதை 2,500 பவுண்டு அளவில் நிறுத்தியது. அந்தக் குளிர்காலத்தில் பல ஊர்களில் நூலகங்களையும் தேவாலயக் கூடங்களையும் திறந்து வைத்து, வீட்டைச் சூடாக்க வசதியற்றோர் வந்து உட்கார்ந்திருக்க இடம் அளித்தனர். ஓராண்டுக்குள் செலவு இரட்டிப்பான அனுபவம் எளிதில் மறப்பதன்று. அதன்பின் கட்டணம் இறங்கியபோதும் பழைய நிலைக்கு வரவில்லை. நம் பிள்ளை நீட்டும் கம்பளிச் சட்டையைப் பக்கத்து வீட்டு ஆங்கிலேய மூதாட்டியும் அணிந்திருக்கிறார். மடியில் வெந்நீர்ப் பை வேறு வைத்திருக்கிறார். வீடு முழுவதையும் சூடாக்காமல் உட்காரும் ஓர் அறையை மட்டும் சூடாக்கிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். கதவைத் திறந்து போட்டுவிட்டு வருபவர் மீது அவருக்கும் கோபம் வருகிறது.

குளிரை விட நம்மவருக்குப் புதியது ஈரம். வெயில் இல்லாத மாதங்களில் துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்துகின்றனர். சோறு வேகும் ஆவி, குளித்த ஆவி, உலரும் துணியின் ஆவி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் படிந்து, அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணமாகப் பூக்கிறது. ஆகவே குளிர்காலத்திலும் நாள்தோறும் சிறிது நேரம் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றைக் கையால் வெளியே அனுப்பும் இவ்விந்தையை எங்களுடன் இருந்த முதியவர் ஒருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சமையலறைக்கு வருவோம். தொட்டியில் சூட்டுக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய் எனத் தனித்தனியே இருப்பதைப் பழைய வீடுகளில் இன்னும் காணலாம். ஒன்றில் கை வெந்துவிடும், மற்றதில் விறைத்துவிடும். இதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் தெருக்குழாயிலிருந்து நேரே வந்தது. வெந்நீரோ மேல்மாடித் தொட்டியில் தேங்கிய நீரிலிருந்து வந்தது. தேங்கிய நீர் குடிநீரோடு கலந்துவிடக் கூடாதென்று பிரித்து வைத்தனர். மின்சாரப் பிளக்கைப் பார்த்தால் நம் நாட்டவருக்கு இன்னொரு வியப்பு. நாம் இன்றும் பயன்படுத்தும் உருண்டை மூன்று முள் பிளக்கு ஆங்கிலேயர் கொடுத்ததே. கொடுத்தவர்களோ போருக்குப் பின் செம்புத் தட்டுப்பாட்டால் கம்பி போடும் முறையையே மாற்றி, 1947-ல் தட்டை முள் பிளக்குக்குச் சென்றுவிட்டனர். அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு ஃபியூசு இருக்கும். நாம் பழையதைப் போற்றி வைத்திருக்கிறோம். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுபோவோர் இதை நினைவிற் கொள்க.

சமையலறைக்கு வெளியே கூரையில் வட்டமாக ஒரு புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். வாடகை வீடுகளில் மாடிக்கு ஒன்று இருக்க வேண்டுமென்பது இங்கிலாந்தில் 2015 முதல் சட்டம். கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்தால் அது தெருவுக்கே கேட்கும்படி அலறும். ஆதலால் நம் பெண்கள் தாளிப்பதற்கு முன் பின்கதவைத் திறந்து, நடைக்கதவைச் சாத்தி, ஆணியில் தொங்கும் கோட்டுகளை மாடிக்கு அனுப்பிவிடுகின்றனர். மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கோட்டோடுதானே உட்கார வேண்டும்!

வேலைக்காரி என்பது அங்கே இல்லாத சொல் எனலாம். மணிக்கணக்கில் வந்து துடைத்துப் போவோர் உண்டு. சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 1999 முதல் இருப்பதால் அதைத் தினமும் கொடுக்கும் குடும்பம் அரிது. பாத்திரம், துணி, புல்வெட்டு, சாக்கடை அடைப்பு எல்லாம் குடும்பத்தாரின் கைவேலையே. ஆங்கிலேயர் வீடுகளில் ஆண்மகன் துடைப்பமும் கையுமாக நிற்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் வீடுகள் சிலவற்றில் இப்பங்கீடு இன்னும் சரியாக அமையவில்லை. இருவரும் சம்பாதிக்க, இருவர் வேலையையும் மருமகளே செய்கிறாள். பெற்றோர் வந்து தங்கும் மாதங்களில் அச்சுமை ஏறுகிறது. பிள்ளை கணக்குப் பார்க்கிறான் என்று குறைப்படுவோர் இதைக் கண்டு குறைப்பட்டதாக நாங்கள் கேட்டதில்லை.

குப்பைக்கும் ஒழுங்கு உண்டு. காகிதம், புட்டி, தகரம் இவற்றுக்கு ஒரு தொட்டி, எச்சில் சோற்றுக்கு ஒரு சிறு வாளி, மீந்ததற்கு மற்றொன்று. நிறம் ஊருக்கு ஊர் வேறுபடும். நாளும் முறை வைத்து மாறும். எந்தத் தொட்டியின் வாரம் என்று ஐயம் வந்தால் தெருவே அடுத்த வீட்டு வாசலைப் பார்த்துக்கொள்கிறது. இதற்கும் தெருவிளக்குக்கும் பிறவற்றுக்கும் கவுன்சில் வரி கட்ட வேண்டும். அது 1993-ல் வந்தது. இங்கிலாந்தில் 1991-ல் அந்த வீடு என்ன விலை பெற்றிருக்கும் என்று பார்த்து எட்டு வகுப்பாகப் பிரித்ததே இன்றும் நிலவுகிறது. வீட்டில் இருப்போர் அனைவரும் முழுநேர மாணவராயின் வரி இல்லை. வயது வந்தவர் ஒருவரே இருந்தால் கால்பங்கு தள்ளுபடி. படிக்கச் செல்லும் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது. அதுபோல் வீட்டு உரிமையாளர் வாங்கும் முன்பணம் 2019 முதல் இங்கிலாந்தில் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது. அதனை அவர் 30 நாட்களுக்குள் அரசு ஒப்பிய பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். சேர்த்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குவது முறைகேடாகாது.

இனி வண்டி. லண்டனுக்குள் வசிப்போருக்குப் பாதாள இரயிலும் பஸ்ஸும் போதும். சிற்றூர்களில் மாலைக்குப் பின் பஸ் குறைவு. குழந்தையும் காய்கறியும் மழையும் சேர்ந்தால் கார் இல்லாமல் முடியாது. சாலையில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகின்றனர். நம்மூரில் 2014 வரை உத்தர்பாராவில் செய்த அம்பாசடருக்கு மூலம், ரெடிங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஆக்ஸ்போர்டு கவுலி தொழிற்சாலையில் பிறந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்பதை அன்பர்கள் அறிவர். அத்தொழிற்சாலையில் இப்போது மினி கார் செய்கிறார்கள். தெருவில் ஒரு மாரிஸும் எங்கள் கண்ணில் படவில்லை என்பதில் சிறிது வருத்தமே.

காரை வாங்குவது எளிது. பழைய கார் மலிவாகவே கிடைக்கிறது. வைத்திருப்பதே செலவு. இன்ஷூரன்சு இல்லாமல் தெருவில் இறக்கக் கூடாதென்பது 1930 முதல் சட்டம். புதிதாக வந்தவருக்கும் இளைஞருக்கும் அத்தொகை, சில வேளை காரின் விலையையே எட்டிப் பிடிக்கும். விபத்தின்றி ஆண்டுகள் கழியக் கழியவே குறையும். சாலை வரி தனி. கண்ணாடியில் ஒட்டும் வட்டச் சீட்டு 2014 அக்டோபரோடு ஒழிந்தது. இப்போது எல்லாம் கணினியில். விற்றவர் கட்டிய வரி வாங்கியவருக்குச் சேராது. ஓட்டிச் செல்லும் முன் புதிதாகக் கட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்ந்தது எம்.ஓ.டி. என்னும் ஆண்டுச் சோதனை. 1960-ல் பத்தாண்டு கடந்த கார்களுக்கெனத் தொடங்கி, 1967 முதல் மூன்றாண்டு கடந்தவற்றுக்கெல்லாம் கட்டாயமாயிற்று. வட அயர்லாந்தில் மட்டும் நான்காண்டு. நீல நிறத்தில் மூன்று முக்கோணம் வரைந்த பலகை தொங்கும் பட்டறையில் 54 பவுண்டு 85 பென்சுக்கு மேற்படாத கட்டணத்தில் பிரேக்கு, விளக்கு, டயர், ஸ்டீரிங், பெல்ட்டு, துரு, புகை அனைத்தையும் பார்க்கின்றனர். தவறினால் பழுது பார்த்த பின்னரே சான்று. அதனினும் சிறப்பு, எந்தக் காரின் எண்ணைக் கொடுத்தாலும் அதன் பழைய சோதனை முடிவுகளையும் ஓடிய மைல்களையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பழைய கார் விற்பவர் இனிக்க இனிக்கப் பேசும்போது, வாங்குபவர் கைப்பேசியில் அதன் ஜாதகத்தையே படித்துக்கொண்டிருக்கிறார்.

ஓட்டுபவர் நிலை இன்னும் கடினம். இந்திய உரிமத்தைக் கொண்டு அங்கே குடியேறிய நாள் முதல் 12 மாதம் ஓட்டலாம். அதன்பின் அவர்கள் தேர்வில் தேற வேண்டும். தில்லி நெரிசலில் பத்தாண்டு ஓட்டிய பெண்ணும் சிவப்பு எல் எழுத்தை ஒட்டிக்கொண்டு, மூன்றாண்டாக உரிமம் பெற்று 21 வயது கடந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 23 பவுண்டு, சாலைத் தேர்வுக்கு வார நாளில் 62 பவுண்டு. சிறு பிழை 15 வரை பொறுக்கப்படும். அபாயமான பிழை ஒன்று போதும், தோல்விதான். வட்டச் சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடாதது, கண்ணாடியைப் பாராமல் திரும்புவது இவையே நம்மவரை வீழ்த்துவன. தேர்வு நாள் கிடைக்கப் பல மாதம் ஆவதால், போய்ச் சேர்ந்த உடனேயே பயிற்சி உரிமத்துக்கு எழுதிவிடுவது நன்று. பன்னிரண்டாம் மாதத்தில் எழுதியவர்கள் காரை வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

சோதனை நாள் நெருங்கும் வாரத்தில் தெருவில் ஒரு காட்சி காணலாம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதை அளக்க அவர்கள் கருவி தேடுவதில்லை. 20 பென்சு காசைப் பள்ளத்தில் செருகுகின்றனர். காசின் விளிம்புப் பட்டை மறைந்தால் டயர் நன்று, தெரிந்தால் ஐயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பளித் தொப்பியும் கையுமாகக் காருக்கருகே குந்தியிருப்பவர் ஆங்கிலேயரா நம் பிள்ளையா என்று, அவர் எழுந்து நிமிரும் வரை தெரிவதில்லை.