கச்சான் காற்று

"மச்சாள், ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோட வாறம். குளிக்க எந்தக் கடற்கரை நல்லம்?"

வெள்ளவத்தையிலிருந்து என் கணவரின் தங்கை நேற்றிரவு கேட்டாள். சின்னவனுக்கு மூன்று வயது, பெரியவளுக்கு ஒன்பது. கூடவே முழங்கால் வலியோடு மாமி. நிலாவெளி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மம்மாவின் குரல் குறுக்கே வந்துவிட்டது: "தண்ணியைப் பாராதை பிள்ளை, மண்ணைப் பார்." காலையில் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன்.

அம்மம்மாவுக்கு நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதே இல்லை. ஆனால் எங்களைக் குளிக்க விடுமுன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரமாகப் பத்து அடி நடப்பார். மண் பருமணலாகப் பொலபொலத்து, கால் புதைந்து, கரை சரிவாக இறங்கினால் "இங்கை வேண்டாம்" என்பார். அப்படிப்பட்ட கரையில் அலை கிட்ட வந்து மொத்தமாக விழும். திரும்பும்போது காலடி மண்ணையும் உருவிக்கொண்டு போகும். மண் மாவாக, ஈரத்தில் இறுகி, கரை தட்டையாகக் கிடந்தால் அலை தூரத்திலேயே உடைந்துவிடும். பிள்ளைகளின் காலுக்கு நுரைதான் வந்து சேரும். இந்தப் பத்து அடி நடையை நான் இன்றுவரை விடவில்லை.

நாங்கள் வளர்ந்தது திருகோணமலையில், டச்சு பே பக்கம். பிரெட்றிக் கோட்டைக்குத் தெற்கே வளைந்து கிடக்கும் கரை அது. எங்கள் வீட்டில் அது நடக்கும் கரை, குளிக்கும் கரை உப்புவெளி. பின்னேரம் கோணேசர் கோவிலுக்குப் போய், கோட்டைக்குள் மேயும் மான்களைப் பார்த்து, இறங்கி வந்து மணலில் இருப்போம். கச்சான் சுருள் ஆளுக்கொன்று. கச்சான் என்றால் எங்களுக்கு நிலக்கடலை. வைகாசி தொடங்கித் தரைப்பக்கமிருந்து வீசுகிற காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். கடலை வறுக்கும் சட்டியிலிருந்துதான் அந்தச் சூட்டுக் காற்று கிளம்புகிறது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். வறுக்கிற மணமும் அந்தக் காற்றில்தானே வந்தது!

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குவதுதான் கச்சான். கொழும்பிலும் காலியிலும் கடல் குமுறுகிற மாதங்களில் எங்கள் கடல் குளம்போலக் கிடப்பதும் அதனால்தான். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை குடும்பங்கள் இங்கே வந்து குவிகின்றன. அந்தக் குளத்தைத்தான் நம்பக்கூடாது. கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிற காற்று கரையோரத்து அலையைப் படுக்கவைக்கும், மிதப்பதையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டும் போகும்.

எனக்கு ஏழு வயது. உப்புவெளி. மாமா ஒரு லொறி டியூபுக்குக் காற்றடித்துக் கொண்டுவந்திருந்தார். வால்வு முனை முதுகில் கிழிக்காமலிருக்க அதில் பழைய சாரத்துணியைச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தார். வெயிலில் சுட்ட ரப்பர் மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. கால் நீட்டினால் மண் தட்டுப்படும் என்ற நம்பிக்கையில் அதன்மேல் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். திறந்து பார்த்தபோது, கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் விரலளவாகத் தெரிந்தார்கள். கத்தினேனா என்று நினைவில்லை. வள்ளத்தில் வந்த ஒருவர் என் மேற்கையைப் பிடித்துத் தூக்கிச் சூடை மீன்களுக்கு நடுவே இருத்தினார். டியூபை அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அது சுழன்றபடியே போய் ஒரு கறுப்புப் புள்ளியாகி மறைந்தது.

எனக்கு உயிர் தப்பியது பெரிதாகத் தெரியவில்லை. டியூபுக்காகத்தான் அழுதேன். அம்மம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே, "வாடைக்குத் திரும்பி வரும்" என்றார்.

நம்பினேன். மார்கழியில் வாடைக்காற்று பிடித்ததும் கடல் கலங்கி மண்ணிறமாகி, இராப்பகலாக இரைந்தது. மழை விட்ட நேரமெல்லாம் கரைக்கு ஓடினேன். அறுந்த வலைத்துண்டு, தென்னம் மட்டை, ஒற்றைச் செருப்பு எல்லாம் ஒதுங்கியிருந்தன.

இன்னொரு மார்கழியில், 2004ஆம் ஆண்டு 26ஆம் தேதி காலையில், கடல் இந்தக் கரைகளெல்லாவற்றையும் தாண்டி ஊருக்குள் வந்தது. அம்மம்மா அதைக் காண இருக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு ஆறு வருடம் மணலில் கால் வைக்கவில்லை. ஏழாம் வருடம் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றினார்.

நிலாவெளி அழகுதான். நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீற்றர், வெள்ளை மணல், ஆட்கள் குறைவு. எதிரே ஒரு கிலோமீற்றர் தள்ளிப் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பவளப்பாறைத் தீவு அது. கரும்முனைச் சுறாக்கள் ஆழமில்லாத நீரில் சுற்றித் திரியும், மனிதரைக் கண்டால் விலகிவிடும். ஒன்பது வயதுக்காரிக்கு ஆயுளுக்கும் மறவாத காலையாக இருக்கும். பவளத்தின்மேல் கால் ஊன்றாதே என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போக வேண்டும். மூன்று வயதுக்காரனுக்கு அங்கே வேலையில்லை: படகுப் பயணம், உச்சி வெயில், உடைந்த பவளத்துண்டுகள் பாதத்தைக் கீறும் கரை. மாமிக்குச் சீனக்குடாப் பக்கம் விமானப்படை பராமரிக்கும் மார்பிள் பீச் பொருந்தும். குடாவுக்குள் ஒதுங்கிய கரை, அலை சிறிது. நிழலில் இருந்து கால் நனைக்கலாம்.

ஆனால் இரு பிள்ளைகளும் மாமியும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டுமென்றால்?

இன்று விடிய உப்புவெளிக்குப் போனேன். இராவணன் மீசை முள் காலில் குத்தியது. அடம்பன் கொடி ஊதாப் பூக்களோடு வரம்பு வரை படர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிப் பத்து அடி நடந்தேன். மண் இறுகிக் கிடந்தது. அங்கிருந்தே அவளை அழைத்தேன்.

"உப்புவெளிக்கு வாங்கோ. வெயில் ஏறமுதல் குளிக்கலாம். காத்தடிக்கிற சாமான் ஒண்டும் கொண்டு வராதையுங்கோ."

"ஐயோ மச்சாள், சின்னவனுக்கு மஞ்சள் வாத்து ஒண்டு வாங்கி வைச்சிட்டன். இப்பவே அதுக்குள்ளதான் படுக்கிறான்."

முதுகுப் பக்கமிருந்து கச்சான் மெல்ல வீசத் தொடங்கியிருந்தது.

"அப்ப ஒரு கயிறும் கொண்டு வாங்கோ. நல்ல நீளமாய். விட்டால் அது வாடைக்குத்தான் திரும்பி வரும்."

"என்ன சொல்லுறீங்கள்?" என்றாள். காற்றில் கேட்கவில்லைபோலும்.