காவிரிப் படுகையில் தீயணைப்பு நிலையம்

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தொடக்கம், 1908இல் சென்னை நகருக்கென அமைந்த தீயணைப்புப் படை. நெடுங்காலம் காவல் துறையோடு ஒட்டியிருந்த இப்பணி 1967இல் தனி இயக்குநரின் கீழ்த் தனித் துறையாகப் பிரிந்தது. 1985இல் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் இயற்றப்பட்டது. தீயோடு மீட்பும் துறையின் பெயரில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். தஞ்சைப் பக்கத்து நிலையமொன்றில் ஒரு பொழுது உட்கார்ந்து வருகிற அழைப்புகளைக் கேட்டால், பின்னால் சேர்ந்த அந்த மீட்புதான் ஆட்களை அதிகம் ஓட வைக்கிறது என்று தெரியும்.

நாடு முழுவதற்குமான ஒரே தீயணைப்புப் படை இந்தியாவில் இல்லை. பிரிட்டன் 1941இல், விமானக் குண்டுவீச்சின் நெருக்கடியில், ஊருக்கு ஒன்றாக இருந்த படைகளையெல்லாம் இணைத்து தேசியத் தீயணைப்புப் பணி என்று ஆக்கியது. போர் முடிந்ததும் 1948இல் அவற்றை உள்ளாட்சிகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. இந்திய அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. மும்பையில் இன்றும் மாநகராட்சிதான் அதை நடத்துகிறது. தமிழ்நாட்டிலோ அது முழுக்க மாநில அரசின் துறை. மத்திய அரசின் பங்கு ஆலோசனையும் பயிற்சியும். நாகபுரியிலுள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1956இல் தொடங்கப்பட்டது. நாடெங்கும் பொதுவாக இருப்பது ஏப்ரல் 14 முதல் நடக்கும் தீத்தொண்டு வாரம். 1944இல் அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டைகீன்’ என்ற கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

சென்னைத் தலைமையகத்துக்குக் கீழே மண்டலங்கள், மாவட்டங்கள், நிலையங்கள் என்று அதிகாரம் இறங்குகிறது. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மண்டலத்தில் இருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை, பாபநாசம், ஒரத்தநாடு, பேராவூரணி என நிலையங்கள் பெரும்பாலும் வட்டத் தலைநகரங்களில். நிலைய அலுவலர், முன்னணித் தீயணைப்போர், ஓட்டுநர், தீயணைப்போர் என்பது நிலையத்துக்குள் வரிசை. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் காவலர்களோடு சேர்த்தே இவர்களையும் தேர்ந்தெடுக்கிறது. அதிகாரி நிலையில் பெண்கள் வந்தது 2003இல். பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அப்போது சேர்ந்தவர்கள்.

சாதாரண வண்டியின் தொட்டி ஏறக்குறைய 4,500 லிட்டர் கொள்ளும். ஒரு குழாயை மிதமாகத் திறந்தாலே பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகிற தண்ணீர் அது. எனவே வண்டி போய்ச் சேருவது பாதி வேலை; அடுத்த தண்ணீர் எங்கே என்பதுதான் மீதி. வாய்க்காலும் குளமும் நிறைந்த வட்டாரத்தில் இது எளிது என்று தோன்றும். ஆனால் தீ அதிகம் பிடிப்பது மாசியிலிருந்து சித்திரை வரை, வாய்க்கால் காய்ந்து கிடக்கும் காலத்தில். குட்டையில் கொஞ்சம் கிடந்தாலும் உறிஞ்சு குழாயின் வாயைச் சேறும் பாசியும் அடைத்துவிடும். அதற்காகவே குழாய் முனையைக் கூடைக்குள் வைத்து இறக்குவது உண்டு. வரப்பில் வண்டி போகாது. சாலையில் நிறுத்தி, 15 மீட்டர் நீளக் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு வயலுக்குள் ஓட வேண்டும்.

கோடையின் முக்கியத் தீ வைக்கோல் போர். மேலே தண்ணீர் அடித்தால் வெளித்தோல் நனையும், உள்ளே கனல் அப்படியே இருக்கும். பொக்லைனையோ கவைக்கொம்பையோ கொண்டு போரைப் பிரித்துப் பரப்பி, அடுக்கடுக்காக நனைக்க வேண்டும். இரவு முழுதும் இழுக்கும் வேலை இது. இவ்வளவு பொறுமை கேட்கும் தீ நகரத்தில் குறைவு என்றே தோன்றுகிறது. வைக்கோலை உயரமாக ஏற்றிய லாரி தாழத் தொங்கும் மின்கம்பியில் உரசி எரிவதும் அறுவடைக்குப் பிந்தைய வாடிக்கை. கீற்றுக் கூரைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டன. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டுத் திட்டமும் பின்வந்த வீட்டுத் திட்டங்களும் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கியதில், தீயணைப்புத் துறை செய்யாத ஒரு தீத்தடுப்பு நடந்திருக்கிறது.

இந்தத் துறையின் விதிகள் பலவும் பேரழிவுக்குப் பின் எழுதப்பட்டவை. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமணப் பந்தல் எரிந்தது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தின் கூரையில் பற்றிய தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. நெரிசலான தெரு, குறுகிய படிக்கட்டு. வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் காய்ந்த கீற்று அவ்வளவு நேரம் தருவதில்லை. அதன் பிறகு தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரை தடைசெய்யப்பட்டது. அந்த நிகழ்வை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் தீப்பாதுகாப்பு நெறிகளைக் கட்டாயமாக்கியது. 2020 பிப்ரவரி 5 அன்று பெரிய கோயிலில் மறுபடி குடமுழுக்கு நடந்தபோது தீயணைப்பு வண்டிகள் முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்தன.

ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்ததும் நிலையங்களின் வேலை மாறுகிறது. தஞ்சை நகருக்குள் ஓடும் கல்லணைக் கால்வாயைப் புது ஆறு என்பார்கள், 1934இல் திறக்கப்பட்டது. இழுப்பு அதிகம், கரை செங்குத்து, விழுந்தவர் பிடித்து ஏறப் படித்துறை எல்லா இடத்திலும் கிடையாது. கொள்ளிடத்தில் வேறு விதம்: மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்குள் தெரியாது. கயிறு, ரப்பர் படகு, மிதவை உடை, பாதாளக் கரண்டி இவைதான் கருவிகள். உயிரோடு மீட்பது அரிது. பெரும்பாலான தேடல் உடலுக்காக நடக்கிறது, கரையில் உறவினர் நிற்க நிற்க.

இவற்றுக்கு நடுவே சில்லறை அழைப்புகள். கிணற்றில் விழுந்த பசு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, பனைமரத்தில் கூடு கட்டிய கதண்டு. கதண்டைச் சில்லறை என்பது தவறு; கூட்டமாகக் கொட்டினால் ஆள் பிழைப்பதே சந்தேகம். பகலில் அதைத் தொடுவதில்லை. எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பின், இருட்டில் நீளக் கழியில் பந்தம் கட்டிக் கொளுத்துகிறார்கள். தீயணைப்புக்காரர்கள் தாங்களே தீ வைக்கும் வேலை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மின்சாரம் கலந்த விபத்தில் முதல் அழைப்பு மின்வாரியத்துக்கு. இணைப்பைத் துண்டித்ததாகத் தகவல் வரும்வரை தண்ணீரும் அடிக்க முடியாது, ஆளையும் தொட முடியாது. தஞ்சையை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழைக்கான ஆயத்தம் தொடங்குகிறது. படகும் மரம் அறுக்கும் எந்திரமும் வெளியே எடுத்துச் சோதிக்கப்படுகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, தீயணைப்போரின் முதல் வேலை சாலையில் கிடந்த மரங்களை அறுத்து ஆம்புலன்சுக்கு வழி விடுவதாக இருந்தது. வட்டத் தலைநகரிலிருந்து கடைக்கோடிக் கிராமத்துக்கு வண்டி வந்து சேர நல்ல சாலையிலும் நேரம் பிடிக்கும். அதுவரை கூரையைப் பிய்த்துப் போடுவதும் ஆற்றில் குதிப்பதும் ஊராரே. துறை தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருவதும் பள்ளிகளில் ஒத்திகை நடத்துவதும் அந்த இடைவெளிக்காகத்தான்.