அக்கரையில் ஒரு பட்டறை

நந்தனம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சியா? குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கப் போய், நமக்கும் ஒரு சமையல் புத்தகம் வாங்கிக்கொண்டு, கால் கடுக்க நடந்து, கடைசியில் ஒரு டில்லி அப்பளத்துடன் வீடு திரும்பிய மாலைப்பொழுதா? நல்ல ஞாபகம்தான். ஆனால் இன்று நான் உங்களை அழைத்துப் போகப் போவது வேறு ஓரிடத்துக்கு. தூரம் அதிகமில்லை. நந்தனத்தில் கிளம்பி, அடையாற்றைத் தாண்டினால் போதும்.

நந்தனம் என்ற பெயருக்கே ஒரு சுவையான கதை உண்டு. நந்தன வருஷத்தில், அதாவது 1952-53-ல், உருவான குடியிருப்பு ஆகையால் ராஜாஜி அதற்கு இந்தப் பெயரை வைத்தார் என்று சொல்வார்கள். இந்திரனுடைய நந்தவனம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அண்ணா சாலையின் புழுதியும் ஹாரன் சத்தமும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த வட்டாரத்துக்குப் பயிற்சி என்பது புதிதல்ல. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. 2018-ல் பூமிக்கு அடியில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆற்றுக்கு இக்கரையில் உடம்புக்குப் பயிற்சி. அக்கரையில் கைக்கும் மூளைக்கும் பயிற்சி. நாம் பார்க்கப் போவது அந்த அக்கரையை.

டர்ன்புல்ஸ் சாலை வழியாக வந்து கோட்டூர்புரம் பாலத்தில் ஏறுங்கள். கீழே அடையாறு சாதுவாகக் கிடக்கிறது. 2015 டிசம்பரில் இதே ஆறு கரையை மீறி வீடுகளுக்குள் புகுந்ததைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாலத்தைக் கடந்து சற்றுத் தூரம் போனால், 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் மாடி மாடியாக எழும்பி நிற்கிறது. அருகிலேயே பிர்லா கோளரங்கம். அதையும் தாண்டினால் மரங்களுக்கு நடுவே ஒரு சிவப்புக் கட்டடம், உச்சியில் கடிகாரக் கோபுரத்துடன். அதுதான் கிண்டி பொறியியல் கல்லூரி.

எட்டுப் பையன்களும் ஒரு பள்ளிக்கூடமும்

இந்தக் கல்லூரியின் வயதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 1794-ல் நிலம் அளக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடமாக, எட்டே மாணவர்களுடன் ஆரம்பமானது. 1859-ல் சிவில் எஞ்சினீரிங் கல்லூரி என்ற பெயர் பெற்றது. கிண்டிக்குக் குடி வந்தது 1920-ல். 1978-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி., ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றோடு சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று.

சரித்திரம் இருக்கட்டும். நாம் வந்த காரியத்தைக் கவனிப்போம். பகல் முழுவதும் வகுப்பு நடக்கும் கல்லூரியைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? எந்த ஊரிலும் வகுப்பு வகுப்புதான், கொட்டாவி கொட்டாவிதான்! இந்த வளாகத்தின் உண்மையான கலகலப்பு, மாலையில் வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகுதான் ஆரம்பமாகிறது.

"மணி அடித்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டாமோ?" என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் மாணவர் சங்கம் உண்டு. அதற்குமேல் ரோபோ செய்கிறவர்கள், விமானம் பறக்கவிடுகிறவர்கள், பத்திரிகை நடத்துகிறவர்கள், தமிழ் மன்றத்தார் என்று எத்தனையோ குழுக்கள். மாணவர்களே கூடி 2007-ல் ‘குருக்ஷேத்ரா’ என்று ஒரு தொழில்நுட்ப விழாவை ஆரம்பித்தார்கள். யுனெஸ்கோவின் ஆதரவையும் பெற்ற விழா அது. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். இந்தக் குருக்ஷேத்திரத்தில் மோதுகிறவை இயந்திரங்கள்தான்!

கோலக் கோட்டில் ஓடும் வண்டி

முதல் வருஷத்துப் பிள்ளை இப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தால் என்ன செய்யச் சொல்வார்கள்? அநேகமாக முதல் பாடம், கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் சின்ன வண்டி.

வெள்ளைப் பலகையில் கறுப்புக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போகும். யாரும் தொடாமல் வண்டி அந்தக் கோட்டின் மேலேயே ஓட வேண்டும். வண்டியின் வயிற்றுக்கு அடியில், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறு விளக்குகளும், திரும்பி வரும் ஒளியை உணரும் கருவிகளும் இருக்கும். வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். வண்டி கோட்டைவிட்டு இடப்பக்கம் விலகினால், வலப்பக்கத்து மோட்டார் சற்று மெதுவாகச் சுழலும். வண்டி மறுபடி கோட்டுக்கே திரும்பிவிடும். வாசலில் கோலம் போடும்போது உங்கள் கண் புள்ளியைப் பார்க்கிறது, கை தானே வளைகிறது அல்லவா? அதே வித்தைதான். நீங்கள் இருபது வருஷமாகச் செய்துவருவதை, வண்டிக்கு அவர்கள் இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு விசேஷம், வாத்தியார் கிடையாது. இரண்டாம் வருஷத்து அக்கா முதல் வருஷத்துத் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கம்பியைப் பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டால் திட்டு கிடையாது, சிரிப்பும் களிம்பும்தான்.

காருக்கும் மளிகைக் கணக்கு

இன்னும் கொஞ்சம் தைரியம் வந்தவர்கள் வாகனமே செய்யப் புறப்படுகிறார்கள். கரடுமுரடான பாதையில் ஓடும் ஒற்றை ஆள் வண்டியைக் கல்லூரி மாணவர்களே வடிவமைத்துச் செய்யும் ‘பாஹா’ போட்டி 1976-ல் அமெரிக்காவில் தோன்றியது. நம் நாட்டில் 2007-ல் மத்தியப் பிரதேசத்திலுள்ள பீதாம்பூரில் தொடங்கியது. நாடெங்கும் பொறியியல் கல்லூரிகளில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன.

பெட்ரோல் வண்டிப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான சிறிய எஞ்சின்; சுமார் பத்துக் குதிரை சக்தி. ஆகவே பணக்காரக் கல்லூரி பெரிய எஞ்சின் வாங்கி ஜெயித்துவிட முடியாது. சட்டம், சக்கரம், பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றில்தான் கெட்டிக்காரத்தனம் தெரிய வேண்டும். பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேர நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பந்தயத்தில் இறங்கவே விடமாட்டார்கள். கடைசியில் நான்கு மணி நேரம் மேடு பள்ளத்தில் ஓடிக் காட்ட வேண்டும்.

நம் வாசகிகளுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. வண்டி ஓடினால் மட்டும் போதாது. கணக்கும் கொடுக்க வேண்டும்! ஒவ்வொரு திருகாணிக்கும் என்ன விலை, ஒவ்வொரு பற்றவைப்புக்கும் என்ன கூலி என்று புத்தகமாகச் சமர்ப்பிக்க வேண்டும். "இந்த வண்டியை நான் ஏன் வாங்க வேண்டும்?" என்று நடுவர்கள் கேட்பார்கள். கூச்சப்படாமல் பதில் சொல்லியாக வேண்டும். மாதக் கடைசியில் நீங்கள் மளிகைக் கணக்கோடு போராடுவதைப் போலவே, இருபது வயதுப் பிள்ளைகள் இரும்புக் குழாயின் விலையோடு போராடுகிறார்கள். காசு குறைந்தால் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி ஆதரவும் தேடுகிறார்கள். வகுப்பில் எந்தப் பாடப் புத்தகம் இதைக் கற்றுக்கொடுக்கிறது?

ரத்தம் சுமந்த பறவை

கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கேதான் எம்.ஐ.டி. இருக்கிறது. சி. ராஜம் என்ற பெரியவர் தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு 1949-ல் ஆரம்பித்த கல்லூரி. அப்துல் கலாமும், பத்திரிகை வாசகர்களின் செல்லப் பிள்ளையான எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம்.

இங்கே ‘தக்ஷா’ என்று ஒரு மாணவர் குழு ஆளில்லாத விமானங்கள் செய்துவந்தது. 2018-ல் இந்தக் குழுவுக்கு ஆலோசகராக வந்தவர் யார் தெரியுமோ? நடிகர் அஜித் குமார்! அந்த வருஷம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. தொலைவில் இருக்கும் நோயாளியிடமிருந்து ரத்த மாதிரியை, ஆளில்லாத விமானம் தானே போய் எடுத்துவர வேண்டும். தக்ஷா இரண்டாம் பரிசு பெற்றது. மழைக்காலத்தில் பாலம் உடைந்துபோன மலைக்கிராமத்தில் ஒரு பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு பறவையின் அருமை அப்போது விளங்கும்.

அதற்கும் முன்னால், 2009 ஏப்ரல் 20-ந் தேதி, அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவான ‘அனுசாட்’ என்ற செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வானத்துக்குப் போயிற்று. எடை நாற்பது கிலோ. ஓர் ஊரின் மேலே பறக்கும்போது செய்தியை வாங்கிக்கொண்டு, இன்னோர் ஊரின் மேலே வரும்போது இறக்கிக் கொடுக்கும் ஆகாயத் தபால்காரன் அது!

சர்தார் படேல் சாலையின் மறுபக்கம் ஐ.ஐ.டி. அங்கேயும் 2008 முதல் மாணவர்களுக்கென்று ஒரு புதுமைக் கூடம் இயங்குகிறது. அங்கத்து மாணவர் குழு ஒன்று, காற்றை அகற்றிய குழாய்க்குள் அதிவேகமாகப் பாயும் வாகனத்தைச் செய்துகொண்டு 2019-ல் கலிபோர்னியாவுக்கே போய் வந்தது.

அச்சில் இல்லாத ஒரு சொல்

இத்தனையும் பையன்களின் விளையாட்டு என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு ஒரு கதை சொல்லுங்கள். கிண்டிக் கல்லூரியிலேயே நடந்த உண்மைக் கதை.

லலிதா என்ற பெண் 1919-ல் சென்னையில் பிறந்தாள். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டாம் வயதில் கையில் நான்கு மாதக் குழந்தையோடு விதவையானாள். அந்தக் காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு மூலையில் ஓர் இடம் ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம். ஆனால் அவளுடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டியில் மின்சாரப் பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி, மகளை அங்கேயே சேர்த்தார். குழந்தை லலிதாவின் சகோதரர் வீட்டில். அவள் நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் கல்லூரியின் விடுதியில். பிறகு லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரு பெண்கள் துணைக்கு வந்து சேர்ந்தார்கள்.

மூவரும் தேறினார்கள். ஆனால் பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. பேனாவால் அதை அடித்து ‘அவள்’ என்று திருத்திக் கொடுத்தார்களாம்! ஒரு பெண் அங்கே வந்து நிற்பாள் என்று அச்சுக்கோத்தவர் எதிர்பார்க்கவே இல்லை.

லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலையில் பங்குகொண்டார். 1964-ல் நியூயார்க்கில் கூடிய பெண் எஞ்சினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் சென்றார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

உங்கள் வீட்டுக் கேள்வி

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். மகள் எஞ்சினீரிங் சேர்ந்திருக்கிறாள். ஒரு நாள் டெலிபோனில், "அம்மா, வண்டி செய்யும் குழுவில் சேர்ந்திருக்கிறேன், வர எட்டு மணியாகும்" என்கிறாள். உங்களுக்குப் பகீர் என்கிறது. பட்டறை, இரும்பு, இருட்டு, பையன்கள், பரீட்சை! எல்லாம் ஒரே நிமிஷத்தில் மனத்தில் ஓடுகின்றன.

உங்கள் கவலை அர்த்தமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். போட்டி நெருங்கும்போது ராத் தூக்கம் போகும். சில பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் சரியும். அதற்காக முகத்தில் அடித்தாற்போல் "வேண்டாம்" என்றுவிடாதீர்கள். சில கேள்விகளைக் கேளுங்கள். பொறுப்பான ஆசிரியர் யார்? பட்டறையில் கண்ணாடியும் கையுறையும் தருகிறார்களா? குழுவில் இன்னும் எத்தனை பெண்கள்? திரும்பி வரத் துணை உண்டா? கைக்காசு எவ்வளவு ஆகும்? சரியான பதில் வந்தால், ரசத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "நீ அங்கே என்ன செய்கிறாய்?" பெண்களைச் சேர்த்துக்கொண்டு, விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்கவும் மேடையில் வரவேற்புரை படிக்கவும் மட்டும் அனுப்புகிற குழுக்களும் உண்டு. திருப்புளி உங்கள் மகளின் கைக்கு வருகிறதா என்பதுதான் முக்கியம்.

கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கங்கள் இன்னும் பெரிய உதவி. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் ஏழரை சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அப்படி வருகிறவர்கள் வகுப்பில் ஆங்கிலத்துக்கு அஞ்சி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். பட்டறையில் அந்தப் பயம் இல்லை. பம்புசெட்டைப் பிரித்துப் பூட்டிய கை அங்கே தானாகவே பேச ஆரம்பித்துவிடும். கை பேசினால், பின்னாலேயே வாயும் பேசும். பிற்பாடு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, "நீ என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால், மார்க்கைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்களுக்கும், தான் செய்த வண்டி ஏன் முதல் நாள் ஓடவில்லை, இரண்டாம் நாள் எப்படி ஓடிற்று என்று விவரிக்கிறவர்களுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

மாணவர்கள் தாங்கள் செய்தவற்றைக் காட்சிக்கு வைக்கும் நாட்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும் உங்கள் பெண்ணை அப்படி ஒரு நாளில் அக்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். மிக்ஸி ரிப்பேரானால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வழக்கம் உங்கள் தலைமுறையோடு போகட்டும். அவள் திறந்து பார்க்கட்டும்.